காடும் ஒப்பும்: கரிசல் மண்ணில் நின்று கவிதைக் கலைச்சொற்களை வாசித்தல்

கடம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், சற்று நேரத்துக்குள் ஒரு தொடர் வந்து விழும்: ‘இது வானம் பார்த்த பூமி.’ சொல்கிறவர் கவிதை சொல்வதாக நினைப்பதில்லை. ஆற்றுப் பாசனம் கிடையாது, மழை பெய்தால்தான் வெள்ளாமை என்கிறார், அவ்வளவுதான். ஆனால் தண்டியலங்காரம் படித்தவர் காதில் அந்த மூன்று சொல் விழுந்தால் அவர் நின்று கேட்க வேண்டும். நிலம் மேல்நோக்கிக் கிடப்பது இயற்கை. எந்த நிலமும் அப்படித்தான் கிடக்கிறது. அந்த இயல்பான கிடப்பின் மேல், மழைக்காகப் பார்த்திருக்கிறது என்ற ஒரு கருத்தை இந்த மக்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இயல்பாக உள்ள ஒன்றின் மேல் சொல்பவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். அந்த அணியைத் தண்டியாசிரியர் பெயரும் பொருள், பெயராப் பொருள் என இரண்டாகப் பிரித்தார். இடம் பெயராத நிலத்தின் மேல் ஏற்றிய இந்தக் குறிப்பு இரண்டாம் வகையில் அடங்கும்.

பள்ளியில் நாம் இதைத் தலைகீழாகப் படித்தோம். முதலில் அணியின் பெயர், பிறகு அதன் இலக்கணம், பிறகு ஒரு சான்றுப் பாடல், கடைசியில் அணிப்பொருத்தம். மதிப்பெண்ணுக்கு அந்த வரிசை வசதி. ஆனால் அந்த வரிசையில் கற்றவருக்கு, கலைச்சொற்கள் புலவர்கள் மேலேயிருந்து இறக்கி வைத்த சட்டங்களாகவே மனதில் நிற்கும். பேச்சிலும் பாட்டிலும் காது ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியங்களுக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் வைத்த பெயர்கள் இவை என்பதுதான் என் எண்ணம். பாட்டு மாறியபோது பெயர்கள் போதாமல் போயின, புதியவை வந்தன. கடம்பூரை நடுவில் வைத்துப் பார்த்தால் வடக்கே கோவில்பட்டி, வடகிழக்கே எட்டயபுரம், வடமேற்கே கழுகுமலை, இடையில் இடைசெவல். அரைநாள் பஸ் பயணத்துக்குள் அடங்கும் இந்த வட்டத்தில் தமிழ்க் கவிதையியலின் பெரும்பாலான அடுக்குகளுக்கும் ஒரு கண்கண்ட சான்று இருக்கிறது.

உவமையிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் தொல்காப்பியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிற்காலத்தவர் முப்பத்தைந்து பொருளணிகளாக விரித்ததற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, பொருளதிகாரம் உவமவியல் என்று ஒரே ஒரு இயலை வைத்தது. அதற்கு முன்னால் மெய்ப்பாட்டியல், பின்னால் செய்யுளியல். உணர்ச்சி, அதன் பிறகு ஒப்புமை, அதன் பிறகு யாப்பு என்ற இந்த அடுக்கு தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் நான்காகச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு கரிசல்காட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டான் என்றால் வினை. ஐப்பசி மழை மாதிரி வந்து சேர்ந்தது அந்தப் பணம் என்றால் பயன். துவரங்குச்சி மாதிரி கை என்றால் மெய். வெடித்த பருத்தி மாதிரி தலை நரைத்துவிட்டது என்றால் உரு. இரண்டாயிரம் ஆண்டை ஒட்டிய ஒரு பாகுபாடு, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நடக்கும் பேச்சுக்கும் பொருந்துகிறது. பேச்சிலிருந்து எடுத்த பாகுபாடாக இருந்தால்தான் இப்படிப் பொருந்தும்.

உவம உருபுகள் முப்பத்தாறு என்று தொல்காப்பியத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். இன்று நம் வாயில் எஞ்சியிருப்பவை போல, மாதிரி, தெற்கத்திப் பேச்சில் ‘கணக்கா’ என இரண்டு மூன்றுதான். உருபுகள் குறைந்தன, உவமைகள் குறையவில்லை. உருபுப் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்த நேரத்தில் நான்கு இடங்களையும் காட்டிக் கொடுத்திருந்தால், மாணவர்கள் தங்கள் ஆச்சிகளின் பேச்சையே பாடநூலாக்கியிருப்பார்கள்.

உவமை, உருவகம் இரண்டையும் பிரிப்பதில் சிக்கல் அதிகமில்லை; ‘போல’ மறைந்து இரண்டும் ஒன்றாகிவிட்டால் உருவகம். சிக்கல் மேலைநாட்டுச் சொற்களோடு பொருத்தும்போது வருகிறது. ‘மெட்டஃபர்’ என்பதற்கு உருவகம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொல்லின் பரப்பு பெரிது. நம் உருவகம், நம் ஆகுபெயரில் ஒரு பங்கு, நம் மரபுத்தொடர்கள் எல்லாம் அதற்குள் நடமாடும். ‘பெர்சானிஃபிகேஷன்’ என்பதற்குத் தற்குறிப்பேற்றம் என்று எழுதுவது இதைவிடப் பெரிய பிழை. கண்மாய் தாகத்தில் கிடக்கிறது என்றால் மனிதத் தன்மை ஏற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தற்குறிப்பேற்றத்துக்கு அது போதாது. இயல்பாக உள்ள ஒரு நிலையோ நிகழ்வோ அங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் மேல் சொல்பவரின் குறிப்பு ஏற வேண்டும். வானம் பார்த்த பூமியில் இரண்டும் இருக்கின்றன.

ஆகுபெயருக்குக் ‘கரிசல்’ என்ற சொல்லைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கறுப்பு நிறம் முதலில் மண்ணுக்குப் பெயரானது. மண் வட்டாரத்துக்குப் பெயரானது. வட்டாரம் மனிதர்களுக்கும், கடைசியில் எழுத்துக்கும் பெயரானது. ‘கரிசலை வாசித்தேன்’ என்று இன்று ஒருவர் சொன்னால் நிறம், மண், நிலப்பரப்பு, புத்தகம் என நான்கு படி ஏறி வந்த சொல்லை அவர் கையாளுகிறார். பண்பாகுபெயர், இடவாகுபெயர் என்று தனித்தனி வாய்பாடாகப் படித்தவை இங்கே ஒரே சொல்லுக்குள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சிலேடைக்கு அதிக தூரம் போக வேண்டாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் உள்ள ‘கடலை’, ஐகார உருபு ஏற்ற ‘கடல்’ ஆகவும் காதில் விழும்.

அடுத்தது திணை. இங்கேதான் இந்த மண் பழைய கலைச்சொற்களை உண்மையிலேயே சோதிக்கிறது. கரிசல் எந்தத் திணை? கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் பார்த்த வெளியூர்க்காரர் உடனே பாலை என்பார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதையும் துணைக்கு அழைப்பார். நான் ஒப்பமாட்டேன். பாலையின் உரிப்பொருள் பிரிதல். வழிப்பறியும் சுரமும் அதன் உலகம். கரிசலில் நடப்பது உழவும் காத்திருப்பும். கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகின்றன. ஆடும் மாடும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், இந்த ஊர்க்காரர் தம் புஞ்சையை எப்படி அழைக்கிறார் என்று கேளுங்கள். வயல் என்று சொல்வதில்லை, ‘காடு’ என்கிறார். காட்டுக்குப் போகிறேன் என்றால் களை எடுக்கப் போகிறேன் என்று பொருள். மரம் அடர்ந்த வனத்தை எதிர்பார்த்து வந்தவர் வெட்டவெளியைப் பார்த்துத் திகைப்பார். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று மனப்பாடம் செய்த நாம், ஒரு வட்டாரமே தன் விளைநிலத்தைக் காடு என்று அழைத்து வந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலம் வந்தும் திரும்பாதவனுக்காகத் தலைவி ஆற்றியிருப்பது. கரிசலில் தலைவியின் இடத்தில் நிலமே இருக்கிறது. வர வேண்டியது மழை. வரகும் சாமையும் முல்லையின் உணவு என்பது இலக்கண மரபு. மானாவாரித் தவசங்களே முல்லையின் தவசங்கள். அப்படியானால் முல்லை மழைவளம் மிக்க பசுங்காடாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் நிலம் எதுவோ அது முல்லை. கரிசல் எழுத்தைப் பாலை என்ற பெயரில் வறட்சியின் ஆவணமாக மட்டும் வாசிக்கும் பழக்கத்தை இந்த ஒரு கலைச்சொல் திருத்தக்கூடும்.

திணையை ஒட்டியே உள்ளுறை வருகிறது. கருப்பொருள்களைக் கொண்டு ஒரு காட்சியைச் சொல்லி, மனித விஷயத்தைச் சொல்லாமலே உணர்த்துவது உள்ளுறை உவமம். கருப்பொருளில் தெய்வத்தை மட்டும் அதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தொல்காப்பியம் விலக்கியது. இறைச்சி அதற்கும் அப்பால், சொன்ன பொருளின் புறத்தே தோன்றும் குறிப்பு. ஏ. கே. ராமானுஜன் 1967-இல் ஆங்கிலத்தில் அகப்பாடல்களை மொழிபெயர்த்தபோது, உலக வாசகரை வியக்கவைத்தது இந்த அமைப்புதான்: நிலமே மனத்தின் மொழி. உள்ளுறைக்கும் இன்று நாம் சொல்லும் குறியீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குறியீட்டைக் கவிஞர் தனியே உருவாக்கலாம்; வாசகர் அதைத் தேடிப் பிடிக்கிறார். உள்ளுறை ஊர் முழுவதும் அறிந்த பொருள்களால் ஆனது. பருத்தி எப்போது வெடிக்கும், எந்த மேகம் பொய்க்கும் என்று தெரிந்தவர்கள் நடுவில்தான் அது வேலை செய்யும். விவசாயம் தெரியாத தலைமுறைக்கு உள்ளுறை எட்டாமல் போவது தமிழறிவுக் குறைவால் அன்று. நிலத்தோடு உள்ள பழக்கம் அற்றுப்போனதால்.

யாப்புச் சொற்கள் மாணவரை மிரட்டுகிற அளவுக்கு வேறு எவையும் மிரட்டுவதில்லை. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று படிப்படியாகக் கட்டுகிறது. அசை இரண்டே: நேர், நிரை. சீர் வாய்பாடுகளின் அழகு, ஒவ்வொரு பெயரும் தன் இலக்கணத்தைத் தானே சுமப்பது. தேமா என்ற சொல்லை அலகிட்டால் நேர் நேர், அதாவது தேமாவேதான். இதை ஊர்ப் பெயர்களில் பழகலாம். கடம்பூர் புளிமா. இடைசெவல் கருவிளம். மணியாச்சி புளிமாங்காய். கழுகுமலை கருவிளங்காய். எட்டயபுரம் கூவிளங்கனி. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப் பலகைகளை அலகிடும் ஒரு குழந்தைக்கு யாப்பு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

தொடைகளில் எதுகை நம் பெரிய செல்வம். மோனை முதலெழுத்து ஒன்றுவது, இயைபு ஈறு ஒன்றுவது. எதுகையோ இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அதோடு முதலெழுத்து குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவு ஒத்திருக்க வேண்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற சொலவடையில் ஆ, தே இரண்டும் நெடில், டி ஒன்றுகிறது. அந்தச் சொலவடை தமிழ்நாடு முழுக்க நினைவில் நிற்பதற்கு அந்த ஒலிதான் காரணம். ஆனால் கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரி விதைப்பு பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டியது, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். பருவம் வேறாக இருந்தும் சொலவடை இங்கேயும் வழங்குகிறது. உண்மை ஓர் ஊரோடு நின்றுவிட, எதுகை ஊர் ஊராக நடந்து வந்திருக்கிறது. தொடையின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். ஒலியழகுக்கு மயங்கிப் பொருளைச் சோதிக்காமல் விடும் கவிஞருக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு.

அலங்கார நூல்களின் காலத்தை நான் விரைவாகவே கடக்க விரும்புகிறேன். வடமொழி அணிக் கொள்கையைப் புத்தமித்திரரின் வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டில் தமிழுக்குக் கொண்டுவந்தது. தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் எழுந்தது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று பகுதிகள். பொருளணியியலின் நுட்பங்கள் இன்றும் பயன்படும். சொல்லணியியலின் மடக்கும் சித்திரகவியும் ஜமீன் அவைகளில் புலமையை அளக்கும் கருவியாகி, கவிதையை அங்கேயே கட்டிப்போட்டன. காப்பிய மரபுக்கு ஒரு சான்று மட்டும் சொல்ல வேண்டும், அது இந்த மண்ணில் இருப்பதால். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களாகச் சீறாப்புராணம் செய்தார். நாட்டுப் படலம், நகரப் படலம் என்ற காப்பிய உறுப்புகளை விடாமல், அரபு நாட்டைத் தமிழ் நிலத்தின் நீர்வளத்தோடு வருணித்தார். இதைப் பிழை என்று கருதுகிறவர் ‘மரபு’ என்ற கலைச்சொல்லைப் புரிந்துகொள்ளாதவர். ஓர் ஊரை மேன்மைப்படுத்த வேண்டுமானால் அங்கே தண்ணீர் ஓட வேண்டும் என்பது தமிழ்க் கவிதையின் இலக்கணம். வறண்ட எட்டயபுரத்தோடு சேர்த்து எண்ணும்போது அந்த நீர்வளம் எனக்கு நெகிழ்ச்சி தருகிறது.

யாப்பு தன் எல்லையைக் கண்டது கழுகுமலைப் பாதையில். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்து இளவயதிலேயே மறைந்தவர். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடிய காவடிச் சிந்து, காவடி எடுப்பவர் நடைக்கும் ஆட்டத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. அதை வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்ற நால்வகைப் பாவுக்குள் அடைக்க முடியாது. நேர் நிரை என்று அலகிட்டுப் பார்த்தால் கணக்கு இடறும், பாடிப் பார்த்தால் இம்மியும் இடறாது. காரணம், சிந்தில் அளவுகோல் தாளம். குறில் ஒன்று தேவைப்பட்ட இடத்தில் நீண்டு தாளத்தை நிரப்பிக்கொள்ளும். எழுதிய எழுத்தை எண்ணும் இலக்கணம் ஒலிக்கும் எழுத்தை எண்ணத் தெரியாமல் தவிக்கிறது. முடுகு, தனிச்சொல், அடுக்கி வரும் மோனை எதுகை இயைபு எல்லாம் கால் வைப்புக்குத் துணை நிற்பவை. புதுச்சேரி இரா. திருமுருகன் ‘சிந்துப் பாவியல்’ எழுதி இந்த வடிவத்துக்குத் தனி இலக்கணம் வகுக்க வேண்டியிருந்தது. பாட்டு முன்னே போனது, கலைச்சொல் பல பத்தாண்டுகள் கழித்துப் பின்னே வந்து சேர்ந்தது.

இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி காவடிச் சிந்தைப் பதிப்பித்ததும் அதைக் கவிஞனின் வரலாற்றோடு சேர்த்துக் காட்டியதும் பெரிய காரியங்கள். சிறுகதைக்காரராகவே அவரை அறிந்தவர்கள் இந்தப் பணியையும் அறிய வேண்டும். அவரும் அதே ஊரில் அதே 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணனும் இசைப் பித்துள்ளவர்கள். காதால் மொழியைப் பிடித்தவர்கள். கி.ரா. கரிசல் சொற்களை அகராதியாகத் திரட்டியபோது, தமிழ் அணியியலுக்குத் தேவையான மூலப்பொருளையும் சேர்த்தே திரட்டினார் என்பேன்.

பாரதி இரண்டு உலகங்களையும் அறிந்தவர். 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்து அந்த அவையிலேயே பட்டம் பெற்றவர், 1919-இல் எட்டயபுர அரசருக்குச் சீட்டுக்கவியும் எழுதினார். ஆனால் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, எளிய சொல், எளிய நடை, மக்கள் விரும்பும் மெட்டு வேண்டும் என்று முன்னுரையில் கேட்டார். நொண்டிச் சிந்தை ஒரு காப்பியத்தின் தோளில் ஏற்றினார். பாஞ்சாலியில் பாரத தேவியைக் காணும்போது ‘உருவகம்’ என்ற சொல்லும் விரிகிறது: ஓர் அடியில் முடியும் அணியாக இருந்தது ஒரு முழு நூலைத் தாங்கும் தொடர் உருவகமாகிறது. அவரது வசன கவிதைகளோ சீர், தளை என்ற சொற்களையே தேவையற்றவை ஆக்கின.

அந்த வழியில் வந்த புதுக்கவிதைக்குக் கலைச்சொற்கள் வேண்டியிருந்தன. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழைச் சுற்றி நடந்த விவாதங்களில் படிமம், குறியீடு ஆகிய சொற்கள் ஊன்றிக்கொண்டன. அவை தேவையானவை. ஆனால் கொஞ்ச காலத்தில் படிமம் மதிப்பெண் சொல்லாகி, படிமம் இல்லாத கவிதை கவிதையே இல்லை என்ற நிலை வந்தது. அதற்கு மறுமொழியும் இந்த வட்டத்திலேயே உண்டு. 2015-இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சன், அன்றாடப் பொருள்களை அன்றாடச் சொற்களில் வைத்து, இரண்டு சாதாரண வரிகளின் நடுவில் ஒரு திடுக்கிடலை உண்டாக்குகிறார். அங்கே உவமை தேடினால் கிடைக்காது, படிமம் என்று சுட்டவும் தயக்கம் வரும். சொன்னதற்குப் புறத்தே தோன்றுவது என்ற பொருளில் இறைச்சி என்ற பழஞ்சொல்லே அவருக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. பழைய கலைச்சொல் ஒன்று, தன்னை உண்டாக்கிய கவிதை மறைந்த பிறகும், புதிய கவிதையில் வேலை தேடி வந்து நிற்கிறது.

கடைசியாக, ஏடேறாத பாட்டு. நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பாரியும் தாலாட்டும் வேலைப்பாட்டும் ஆய்வு மேசைக்கு மதிப்போடு வந்தன. க. கைலாசபதி 1968-இல் சங்கப் பாடல்களை வாய்மொழி மரபாக ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் பாடுபவரின் கைவசமுள்ள வாய்பாடுகள் என்று காட்டினார். அந்த வாய்பாடுகள் இயங்கும் விதத்தை ஒப்பாரியில் நேரே கேட்கலாம். ஒரே கட்டு திரும்பி வரும். உள்ளே ஒரு பெயரோ ஒரு பொருளோ மட்டும் மாறும். அப்பா, அண்ணன், புருஷன் என்று அழுபவளின் உறவுக்கு ஏற்ப அந்த இடம் நிரம்பும்.

ஒப்பாரியில் பொன்னும் முத்தும் மாளிகையும் ஏராளம். கூலிக்குக் களையெடுத்துச் செத்த ஒருவர் அங்கே ராஜாவாகிறார். பாடநூல் இதை உயர்வு நவிற்சி என்று எழுதி முடித்துக்கொள்ளும். பெயர் சரிதான். ஆனால் அந்த அணி அவையில் செய்வதும் சாவு வீட்டில் செய்வதும் ஒன்றில்லை. அவையில் புலவர் வாங்குவதற்காக உயர்த்துகிறார். இங்கே கொடுக்க ஒன்றும் இல்லாதவள், உயிரோடிருந்தபோது கொடுக்க முடியாமல் போனதையெல்லாம் சொல்லால் கொடுக்கிறாள். அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டுக்கும் அவள் கட்டிய மாளிகைக்கும் இடையிலுள்ள தூரம்தான் அவள் துக்கத்தின் அளவு.

அந்தப் பாட்டின் பெயரை இன்னும் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும். ஒப்பாரி என்ற சொல்லுக்கு அகராதியில் ஒப்பு என்றும், இறந்தவரைக் குறித்து அழும் பாட்டு என்றும் பொருள் உண்டு. ‘ஒப்புச் சொல்லி அழுகிறாள்’ என்று பேச்சிலும் வழங்குகிறது. தொல்காப்பியத்தின் உவம உருபுகளில் ‘ஒப்ப’ என்பதும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தங்கள் பாட்டு வகைக்கு அதன் துக்கத்தை வைத்துப் பெயரிடவில்லை. அது எந்த அணியால் இயங்குகிறதோ அந்த அணியின் பெயரையே இட்டிருக்கிறார்கள். உவமவியலை வாசித்த எந்தப் புலவரும் இவ்வளவு துல்லியமாக ஒரு கலைச்சொல்லை வைத்ததாக நான் அறியவில்லை. பந்தலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், மூச்சு வாங்க நிறுத்துகிறாள்; தோளில் கைபோட்டு உட்கார்ந்திருக்கும் அடுத்தவள் அந்தக் கட்டைப் பிடித்து, தன் ஒப்பை வைத்துத் தொடர்கிறாள்.